சார்ஜண்ட் தூங்குவதற்காக நான் லாக்கப்பில் இருந்தது

புதிதாகக் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் கொலைக் கேசையும் கொள்ளைக் கேசையும்தான் கேட்கிறீர்கள். அவற்றைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். சொல்லச் சொல்ல அந்தக் கதைகளில் திருடன் உயரமாகிக்கொண்டே போவான். நான் சொல்லப்போவது வேறு. பூந்தமல்லி ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தபோது, நானாகவே லாக்கப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே பூட்டச் சொன்ன கதை. என் உத்தியோக காலத்தில் நெருக்கடியான நேரத்தில் நான் சரியாக முடிவெடுத்த சந்தர்ப்பங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று. பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் இன்னும் வரவில்லை. நூம்பலில் ஒரு பூட்டிய வீட்டிலிருந்து ராப்பகலாக ஊளைச் சத்தம் வருகிறது, பேயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் வந்து முறையிட்டார்கள். எங்கள் சப் இன்ஸ்பெக்டரும் நானும் கான்ஸ்டபிள் முனுசாமியும் போனோம். அந்த வீட்டிலிருந்த சாராயக் குத்தகைக்காரர் யாரிடமும் சொல்லாமல் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். கொல்லைப்புறத்தில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிடக்கூட அவருக்கு நேரமில்லை. பூட்டை உடைத்து உள்ளே போனால், எலும்பும் தோலுமாக ஒரு செவலை நாய் எங்களைப் பார்த்தது. கயிறு கழுத்தை அறுத்துச் சதைக்குள் போயிருந்தது. முனுசாமி கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டான். அது ஓடவில்லை. சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

எங்கள் சப் இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. இங்கிலீஷ் பத்திரிகை படிப்பார், படித்ததை உடனே செய்து பார்க்க வேண்டும் என்று துடிப்பார்.

"சீமையிலே நாயை வைத்துத் திருடனைப் பிடிக்கிறான், ஏட்டு. நம்ம ஸ்டேஷனுக்கும் ஒன்று இருக்கட்டும்" என்றார்.

அதற்கு 'சார்ஜண்ட்' என்று பேரும் வைத்தார். பேர் வைத்ததால் வந்த சங்கடம் அவருக்குத் தெரியவில்லை. சார்ஜண்ட் என்றால் ஏட்டைவிடப் பெரிய உத்தியோகம். முனுசாமி கடைசிவரை அந்த நாயை 'அவரு' என்றுதான் சொன்னான். "சார்ஜண்டு இன்னும் துன்னல ஏட்டய்யா, அவருக்கு மோர் சோறு புடிக்கல" என்பான்.

பகலில் சார்ஜண்ட் ஸ்டேஷன் நடையின் ஒரு மூலையில் கிடக்கும். பொழுது சாய்ந்தால் ஆரம்பிக்கும். பல்லி சத்தமிட்டால் குரைக்கும். பல்லி சத்தமிடாவிட்டால், ஏன் சத்தமிடவில்லை என்று குரைக்கும். யாராவது தட்டிக்கொடுக்கப் போனால் இன்னும் பின்னால் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, தொண்டை கிழியக் குரைக்கும். கோபத்தில் குரைக்கிற நாய்க்கும் பயத்தில் குரைக்கிற நாய்க்கும் உள்ள வித்தியாசம் அந்த வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. கோபத்தில் குரைப்பது முன்னால் வரும். இது பின்னால் போய்க்கொண்டே குரைத்தது.

"அதுக்கு நம்ம தலப்பா புடிக்கல" என்றான் முனுசாமி.

சரி என்று தலைப்பாகையைக் கழற்றிவிட்டுப் போனோம். குரைத்தது. பெல்ட்டைக் கழற்றினோம். குரைத்தது. கால்பட்டியை அவிழ்த்தோம், தடியை மூலையில் சாத்தினோம், கடைசியில் சட்டையையும் கழற்றினோம். சாயங்காலம் புகார் கொடுக்க வந்த ஒரு அம்மாள், அரைநிக்கரோடு ஸ்டேஷனில் இருந்த நாங்கள் நால்வரும் ஒரு நாயின் முன்னால் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அவர் என்ன புகார் கொண்டுவந்தார் என்பது இன்றுவரை தெரியாது.

இந்த நிலைமையில்தான் ஏழுமலை வந்து சேர்ந்தான். நூம்பலில் கூலிவேலை செய்கிறவன். கோயில் பித்தளைக் குடம் காணாமல் போனதற்கு அவன்மேல் சந்தேகம். பிடித்து லாக்கப்பில் வைத்தோம். அன்று ராத்திரி ஸ்டேஷனில் சத்தமே இல்லை. நான் பயந்துபோய் எழுந்து பார்த்தால், சார்ஜண்ட் லாக்கப் கம்பிக் கதவோடு முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறது. உள்பக்கம் ஏழுமலை தூங்காமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"ஏட்டய்யா, நான் ஒண்ணும் பண்ணல. அதுவா வந்து குந்திக்கினு கீது. எனக்கு நாயின்னாலே ஆவாது" என்றான்.

சார்ஜண்டுக்கு ஏழுமலையைப் பிடித்துப்போய்விட்டது என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். அவன் இருந்தவரை ஸ்டேஷனுக்கும் தூக்கம், தெருவுக்கும் தூக்கம். ஸ்டேஷனுக்குப் பின்புறச் சுவரை ஒட்டித்தான் சப் மாஜிஸ்திரேட்டின் வீடு. அவருக்கும் நல்ல தூக்கம். நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிந்த புத்தியோடு கேசை விசாரித்து, சாட்சியம் போதாது என்று ஏழுமலையை விடுதலை செய்துவிட்டார். தீர்ப்பு சரியான தீர்ப்பு. குடம் பின்னால் கோயில் கிணற்றிலேயே கிடைத்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் சார்ஜண்ட் லாக்கப் வாசலுக்குப் போய்ப் பார்த்தது. உள்ளே யாருமில்லை. அதற்கப்புறம் குரைத்த குரைப்பு முன்பு குரைத்ததுபோல் இல்லை. ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்து. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மாஜிஸ்திரேட் வீட்டுச் சேவகன் வந்து நின்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாய் வாயை மூடாவிட்டால், தெருநாய்களைச் சுடுகிற ஆளை அனுப்பிவிடுவதாக ஐயா சொல்லச் சொன்னார் என்றான்.

சப் இன்ஸ்பெக்டருக்கு முகம் வாடிவிட்டது. சார்ஜண்டுக்குத் தன் சொந்தப் பணத்தில் பிஸ்கோத்து வாங்கிப் போடுகிறவர் அவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏட்டு, அந்த ஏழுமலைமேல் ஒரு சந்தேகக் கேஸ் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கொஞ்ச நாள்தானே. சோறு நன்றாகப் போடுவோம். அடிக்கவா போகிறோம்?"

"அவன் ஒன்றும் செய்யவில்லையே, ஐயா?"

"நாய் மட்டும் என்ன செய்தது? சாகப்போகிறதே!"

தம்பிகளே, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பொய்க் கேஸ் போடு என்று ஒருவரும் உங்களிடம் வந்து கொடூரமான குரலில் சொல்லமாட்டார்கள். கண்ணில் தண்ணீரோடு சொல்வார்கள். ஒரு உயிரைக் காப்பாற்ற என்பார்கள். கொஞ்ச நாள்தானே என்பார்கள். எனக்கும் அந்த நாய்மேல் பாசம் இருந்தது. ஏழுமலைக்கு ஸ்டேஷன் சோறு பிடித்திருந்தது என்பதும் தெரியும். மாட்டேன் என்று சட்டென்று என் வாயில் வரவில்லை. "போய்ப் பார்க்கிறேன், ஐயா" என்றேன்.

வேஷ்டி கட்டிக்கொண்டு, சார்ஜண்டை நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு நூம்பலுக்கு நடந்தேன். கேஸ் எல்லாம் வேண்டாம், ஏழுமலை நாயை வளர்க்கச் சம்மதித்தால் அவனிடமே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். வேலப்பன்சாவடி தாண்டுகிறவரை கயிற்றின் அந்தக் கோடியிலேயே, என்னைவிட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி நடந்து வந்தது.

ஏழுமலை குடிசைக்கு வெளியே ஆட்டுப்பட்டிக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நாயென்றால் ஆகாது என்று சொன்னவனா இவன்!

"அட, சார்ஜண்டா? வாடா நைனா, வா வா!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான்.

சார்ஜண்ட் அலறிப் புடைத்துக்கொண்டு என் காலைச் சுற்றிக் கயிற்றைப் பின்னி, என்னையும் கீழே தள்ளிவிட்டு, பின்னால் போய்க்கொண்டே குரைத்தது.

ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாத்தியா ஏட்டய்யா! அத்தினி நாளு என் பங்கு சோத்த துன்னுகினு, என் பக்கத்துல படுத்துகினு கெடந்துச்சு. இப்ப யாரோன்னு கொலைக்குது. நன்றி கெட்டது!" என்று சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குள் போய்த் தட்டிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தான்.

சார்ஜண்ட் குரைப்பதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்துபோய், மூங்கில் தட்டியில் முதுகைச் சாய்த்து, ஏழுமலையின் முதுகுக்கு நேராகப் படுத்து, பெருமூச்சு விட்டது.

நான் கீழே விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அதற்குப் பிடித்தது ஏழுமலை இல்லை. நடுவில் இருந்த கம்பி. பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், ஆனால் அந்த ஆள் எழுந்து தன்மேல் கை வைக்க முடியாது என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். கட்டிப்போட்டு வளர்த்த நாய். அதன் கிட்டே வந்தவன் எல்லாம் எதற்கு வந்திருப்பான் என்று யாருக்குத் தெரியும்?

இதை நான் ஏழுமலைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி பச்சையம்மா களையெடுத்துவிட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா ஏட்டய்யா, மறுபடியும் இட்டுகினு போவ வந்தியா? உங்க நாயி தூங்கணும்னா எம் புருசன் உள்ள இருக்கணுமா? நல்லா கீதுய்யா உங்க நாயம்!"

"அவனைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை அம்மா. இந்த நாய்க்கு யாராவது ஒருத்தர் கம்பிக்குள் இருந்தால் போதும்."

"யாராச்சும்னா எங்க ஊடுதான் கண்ணுக்குத் தெரியுதா? நீயே போயி உள்ள குந்திக்க!"

கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் திரும்பி வருகிற வழியெல்லாம் நான் யோசித்துப் பார்த்தேன். அதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை என்று பட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு லாக்கப்புக்குள் போனேன். முனுசாமியிடம் பூட்டச் சொன்னேன். அவன் பூட்டிவிட்டு, பழக்கதோஷத்தில், "கம்முனு இருக்கணும், ஆமா" என்று அதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சார்ஜண்ட் வந்தது. என்னை மோந்து பார்த்தது. கம்பியோடு முதுகை ஒட்டிப் படுத்தது. விடியும்வரை ஒரு சத்தம் இல்லை.

ஆனால் தெருவில் சத்தம் கிளம்பிவிட்டது. விடிகாலையில் தண்ணீர் கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பொழுது நன்றாக விடிவதற்குள், ஏட்டு உள்ளே போய்விட்டான் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. என்ன குற்றம் என்று தெரியாததால் ஆளுக்கொரு குற்றம் கொடுத்தார்கள். ஒரு பூசணிக்காய்க்காரர், நான் பொங்கலுக்கு வாங்கிப்போன காயைப் பற்றி அரசாங்கத் தரப்புச் சாட்சியாக வரத் தயார் என்று சப் இன்ஸ்பெக்டரிடமே வந்து சொன்னார். திருமழிசையிலிருந்து என் மைத்துனன் ஒரு வக்கீல் குமாஸ்தாவோடு ஓடி வந்துவிட்டான்.

"இன்னா மாமா இது! இன்னா செக்சன் போட்டுக்கீறாங்க? அக்கா ஊட்ல அழுதுகினு கீது."

"ஒன்றுமில்லை. நாய்க்காக இருக்கிறேன்."

அவன் குமாஸ்தாவைப் பார்த்தான். குமாஸ்தா, மூளைக் கோளாறு என்று வாதாட இடமிருக்கிறது என்பதுபோல மெல்லத் தலையசைத்தார்.

மறுநாள் சாயங்காலம் குடித்துவிட்டு ரகளை செய்த ஒருவனையும் என்னோடு உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. அவன் என்னை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு என் தோளில் கை போட்டு, "வுடு அண்ணாத்தே, மனுசன்னா தப்பு பண்றதுதான்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துப்பாக்கிக்காரன் வரவில்லை. மாஜிஸ்திரேட் நன்றாகத் தூங்கியிருந்தார். துப்பாக்கிக்காரனுக்குப் பதிலாக, வதந்தியைக் கேள்விப்பட்டு, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அதிகம் பேசமாட்டார். அவர் முன்னால் நிற்கும்போது நாம்தான் தேவையில்லாததை எல்லாம் உளறுவோம். விளக்கு வைக்கும் நேரம். நான் லாக்கப்பில். சாவி முனுசாமியின் இடுப்பில். முனுசாமி சாப்பிடப் போயிருந்தான்.

வாசலில் நின்ற புதுக் கான்ஸ்டபிள் சல்யூட் அடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, சார்ஜண்ட் தூங்குகிறார், கொஞ்சம் மெதுவாக..." என்றான்.

"எந்த சார்ஜண்ட்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் இன்ஸ்பெக்டர். வெள்ளைக்காரச் சார்ஜண்ட் எவனோ குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்திருப்பார். நான் கம்பிக்கு உள்ளே பனியனோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

சப் இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். "பூட்டுப் பரீட்சை, சார். புதுப் பூட்டு. உள்ளேயிருந்து திறக்க முடிகிறதா என்று ஏட்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்."

அந்தப் பொய் எனக்காகத்தான் சொன்னார். தலையை ஆட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"உன்னை உள்ளே போட்டது யார்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"நானேதான், ஐயா."

"எதற்கு?"

"வெளியே இருக்கிற ஒருத்தனை உள்ளே போடாமல் இருக்க, ஐயா."

சப் இன்ஸ்பெக்டரின் முகத்தில் ரத்தமில்லை. இன்ஸ்பெக்டர் அவரை ஒரு தடவை பார்த்தார். நான் நாயைப் பற்றியும் ஆட்டுப்பட்டியைப் பற்றியும் சொன்னேன். யார் என்ன உத்தரவு கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதற்குள் முனுசாமி வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து பூட்டைத் திறந்தான். நான் வெளியே வந்தேன். சார்ஜண்ட் எழுந்தது, பின்னால் போனது, ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குனிந்து லாக்கப்புக்குள் நுழைந்து, என் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பூட்டு" என்றார்.

முனுசாமி சாவியோடு என்னைப் பார்த்தான். சர்க்கிளைப் பூட்டுவதற்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூட்டினான். சார்ஜண்ட் மெதுவாக வந்து, அவரை மோந்து, கம்பியோடு படுத்தது. நாங்கள் எல்லோரும் அட்டென்ஷனில் நின்றோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரா என்று தெரியவில்லை, கேட்கவும் முடியாது. கால் மரத்துப்போகும்வரை நின்றோம்.

கடைசியில் கண்ணைத் திறந்தார். "இங்கே ஒருத்தனும் கையெழுத்துக் கேட்கமாட்டேன் என்கிறான்" என்றார் ஆச்சரியமாக. வெளியே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்: "நாய் தூங்குவதற்கு ஆள் உள்ளே இருக்கலாம். ஆனால் அது நம்ம ஆளாக இருக்கணும்."

அவ்வளவுதான். வண்டி ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் முறை வைத்து உள்ளே படுத்தோம். சப் இன்ஸ்பெக்டர் தன் முறைக்குத் தலையணையோடு வந்தார், ஒரு நாளும் தவறவில்லை. முதலில் பூட்டைப் பூட்டாமல் மாட்டி மட்டும் வைத்தோம். சார்ஜண்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். தெரிந்தது, எழுந்து உட்கார்ந்து பார்த்தது, குரைக்கவில்லை. கதவு திறந்திருந்தும் நாங்கள் வெளியே வருவதில்லை. ஒருவரும் அதைத் தொடுவதில்லை. வாலாட்டினால்கூடத் தொடுவதில்லை என்று எங்களுக்குள் கட்டுப்பாடு. அப்படி இருக்கையில் ஒரு நாள் அதுவே திறந்த கதவு வழியாக உள்ளே வந்து, என் கணுக்காலில் தாடையை வைத்துக்கொண்டு படுத்தது. அந்தக் கால் விடியும்போது எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

பிறகு தலைப்பாகையைத் தரையில் வைத்தோம், மோந்து பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று. முனுசாமியின் தலைப்பாகைக்குள் அது சுருண்டு படுத்துக்கொண்டது. காலையில் அணிவகுப்புக்கு அவன் நாய் மயிரோடு போய் நின்றான்.

நீங்கள் போட்டிருக்கிற இந்தச் சட்டைக்குள்ளிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியாது. நாம் நெருங்கும்போது எதிரே நிற்கிறவன் ஏன் நடுங்குகிறான் என்பது. குற்றம் செய்ததால் நடுங்குகிறான் என்று சுலபமாக முடிவு கட்டிவிடுவோம். ஏழுமலையும் பிடிக்கப்பட்ட அன்று நடுங்கினான். அதை வைத்துத்தான் சந்தேகம் பலப்பட்டது. நடுங்குகிறவனைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். உட்கார முடிந்தால் உட்காருங்கள். அவன் வரட்டும்.

ஒரு நாள் ராத்திரி லாக்கப்பை அடியோடு காலியாக விட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். உள்ளே யாருமில்லை. கதவு திறந்தே இருந்தது. நாங்கள் எல்லோரும் நடையில் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டோம். சார்ஜண்ட் லாக்கப்பைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, நடுநடையில் படுத்தது. விளக்கைச் சின்னதாக்கினோம். சத்தமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. சத்தமில்லை. எங்களில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. சப் இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டு, ரொம்ப அமைதியாக இருக்கிறதே?" என்றார் கவலையாக. முனுசாமி தவழ்ந்துபோய் அதன் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

"கீது ஏட்டய்யா" என்றான். "மூச்சு கீது."

அப்புறம்தான் எல்லோரும் படுத்தோம்.